கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவும் பட்டறை: ஆவிக்கு என்ன வழி?

கேள்வி (மன்னார்குடி)
பவர் ஸ்பிரேயர், களைவெட்டி, ஆயில் இன்ஜின் சர்வீஸ் பட்டறை. 10க்கு 12 ரூம், உயரம் 10 அடி, ஒரே ஷட்டர். திறந்த டிரேயில் பெட்ரோல் ஊற்றித்தான் பாகங்களைக் கழுவுகிறோம். ஐப்பசிச் சாரலுக்கு ஷட்டரைப் பாதி இறக்கினால், சாயந்திரம் வேலை பார்க்கும் தம்பிக்குத் தலைவலி, குமட்டல். லீவு நாளில் இல்லை. கையெல்லாம் வெடிப்பு. என்95 மாஸ்க் போதுமா? என்ன டெஸ்ட் எடுக்கலாம்?

பதில் (கும்பகோணம், இன்ஜின் மெக்கானிக்)
என்95 தூசிக்குத்தான் அண்ணே. ஆவி அதில் நேரா உள்ளே போகும். ஆவியைப் பிடிக்க ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் வைத்த அரைமுக மாஸ்க் வேண்டும். அதுவும் தாடி இருந்தால் முகத்தில் ஒட்டாது, ஓரத்தில் கசியும்.

முதலில் பெட்ரோலை நிறுத்துங்க. டீசலில் ஊறவைங்க, மூடி போட்ட டின்னில். பிரஷ் போட்டுத் தேய்த்து, வடியவிட்டு, துணியால் துடைத்த பிறகே காற்று அடிக்கணும். ஈரத்தோடு ஏர் கன்னைப் பிடித்தால் மொத்தமும் புகையாகி மூக்குக்குத்தான் வரும். ஜெட் எனும் பெட்ரோல் வரும் நுண்ணிய ஓட்டைக்கு மட்டும் கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரே), அதுவும் வெளியே வைத்து.

கைக்கரியைப் பெட்ரோலில் கழுவுவதை விட்டாலே பாதி வெடிப்பு ஆறும். தேங்காய் எண்ணெய் தேய்த்து, பழந்துணியால் துடைத்து, அப்புறம் சோப்பு. பாகங்களைக் கழுவும்போது நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கிளவுஸ். மெல்லிசு ரகம் தெறிப்புக்குத்தான் தாங்கும், நனைந்தால் உடனே மாற்றணும்.

பதில் (திருவாரூர், தொழிற்பாதுகாப்பு)
கணக்கைப் பாருங்கள். உங்கள் அறை சுமார் 34,000 லிட்டர். டிரேயிலிருந்து 100 மில்லி பெட்ரோல் போனால் ஏறத்தாழ 20 லிட்டர் ஆவி. காற்றோட்டம் இல்லாவிட்டால் 600 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 600 பங்கு ஆவி) அளவுக்கு வரும். ஏசிஜிஐஎச் என்ற அமெரிக்கத் தொழில்சுகாதார அமைப்பு 8 மணி நேர வேலைக்குச் சராசரியாகச் சொல்லும் வரம்பு 300 பிபிஎம். பிஎஸ்-6 (இந்திய மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். அப்படியானால் காற்றில் 6 பிபிஎம். அமெரிக்க அரசின் தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷா பென்சீனுக்கு வைத்த வரம்பு 1 பிபிஎம்தான். பென்சீன் ரத்தப் புற்றுநோய் தருவது உறுதியானது.

இந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், தரையோடு படியும். மேலே எக்ஸாஸ்ட் வைத்துப் பலன் குறைவு. எதிர்ச்சுவரில் தரையை ஒட்டி ஜன்னல் திறங்கள். சாதாரண ஃபேன் மோட்டார் வழியாக ஆவியை இழுக்காதீர்கள், பொறி பட்டால் தீ. ஃபேனைத் தள்ளி வைத்து, நல்ல காற்றை டிரே மேல் குறுக்காக ஓட்டுங்கள். முதுகுப் பக்கமிருந்து வந்தால் நெஞ்சுக்கு முன் சுழன்று ஆவி முகத்துக்கே திரும்பும். சாரலுக்கு ஷட்டரை இறக்குவதைவிட வெளியே தகரத் தாழ்வாரம் போடுவது மேல்.

பதில் (தஞ்சாவூர், மருத்துவர்)
லீவில் போய்விடும் தலைவலி ஆவியைத்தான் காட்டுகிறது. இப்போதே ஒரு சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்க்கும் டெஸ்ட்) எடுத்து வையுங்கள், தட்டணுக்களோடு. அப்புறம் வருஷம் ஒன்று. தனி ரிப்போர்ட்டைப் பார்க்காதீர்கள்: வெள்ளணு 8,000 இருந்தவருக்கு 4,500 வந்தாலும் லேப் ‘நார்மல்’ என்றே அச்சடிக்கும், இறங்கியதுதான் சேதி. சிபிசி சரியாக இருப்பதால் ஆவி உள்ளே போகவில்லை என்றும் ஆகாது. அதற்கு ஷிஃப்ட் முடிந்ததும் சிறுநீரில் எஸ்-பிஎம்ஏ (பென்சீன் உடம்பில் மாறி வெளியேறும் பொருள்) பார்க்க வேண்டும். பீடி, சிகரெட் குடிப்பவருக்கு அது எப்படியும் கூடுதலாக வரும்.

பாலும் வெல்லமும் சாப்பிட்டால் ஆவியின் நஞ்சு முறியும் என்பார்கள். முறியாது. டியூபில் வாய் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. நேராக ஆஸ்பத்திரி.