2 அடி மீன் தொட்டியில் தண்ணீர் அடிக்கடி வெளுக்கிறது: எந்தக் கருவிகள் உண்மையில் தேவை?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தாம்பரத்தில் வசிக்கிறோம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட தொட்டியில் முதன்முறையாக நன்னீர் மீன்கள் வளர்க்கிறோம். தண்ணீருக்குள் வைக்கும் பவர் ஃபில்டர் (மணிக்கு 880 லிட்டர் என்று அச்சிட்டிருக்கிறது), ஏர் பம்ப், 100 வாட் ஹீட்டர், எல்.இ.டி. விளக்கு, வண்ணக் கற்கள், ஒரு குப்பி நீல மருந்து ஆகியவற்றைக் கடையிலேயே தொட்டியோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 12 கப்பிகளும் 2 கோல்டு ஃபிஷ்களும் விட்டோம்.

கடைக்காரர் சொன்னபடி, வாரந்தோறும் தண்ணீரை முழுவதும் இறைத்து, கற்களையும் ஃபில்டர் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி, புதுத் தண்ணீர் நிரப்பி, நீல மருந்தில் சில சொட்டுகள் விடுகிறோம். அன்று தெளிவாக இருக்கும் தண்ணீர் இரண்டு மூன்று நாட்களில் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடுகிறது. காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கப்பிகளில் சில இறந்தும் விட்டன. இதைவிடப் பெரிய ஃபில்டர் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா? இருப்பவற்றில் எவை தேவை, எவை வேண்டாதவை என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

வணக்கம் நண்பரே. பெரிய ஃபில்டர் வேண்டாம். உங்கள் தொட்டி விளிம்புவரை நிரப்பினாலும் ஏறத்தாழ 56 லிட்டர்தான் கொள்ளும். கற்களைக் கழித்தால் 50 லிட்டருக்குச் சற்றுக் கீழே வரும். தொட்டித் தண்ணீர் மணிக்கு 4 அல்லது 5 முறை ஃபில்டர் வழியாகப் போய்வந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு; அப்படியானால் மணிக்கு 250 லிட்டர் திறனே உங்களுக்கு நிறைவு. 880 லிட்டர் வேகத்தில் நீளவால் கப்பிகள் நாள் முழுவதும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தியே களைத்துப்போகும்.

உங்கள் சிக்கல் அந்த வாராந்தரக் கழுவலில் இருக்கிறது. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் மீன்களுக்கு நஞ்சான அம்மோனியா உண்டாகிறது. அதை நைட்ரைட்டாகவும் (இதுவும் நஞ்சுதான்), நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பஞ்சிலும் கற்களிலும் ஒட்டி வளர்கின்றன; புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நீங்கள் வாரந்தோறும் குழாய்த் தண்ணீரில் அலசும்போது குளோரின் அவற்றைக் கொல்கிறது. நீல மருந்து மெத்திலீன் புளூவாக இருந்தால் எஞ்சியவையும் பாதிக்கப்படும். ஆகவே உங்கள் தொட்டி ஒவ்வொரு வாரமும் முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது. வெண்மையாகத் தெரிவது அழுகும் பொருள்களை உண்டு தண்ணீரிலேயே பெருகும் வேறு வகை பாக்டீரியாக்கள். அவை ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்வதால்தான் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன.

முதலில் ஏர் பம்பில் இணைக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். விலை சில நூறு ரூபாய்க்குள்தான் இருக்கும். நீரோட்டம் மென்மையானது, குஞ்சுகளையும் இழுக்காது. பஞ்சு அடைத்துக்கொள்ளும்போது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் வைத்து, அதற்குள் இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். தண்ணீர் காப்பி நிறத்தில் இறங்கும், பஞ்சு மட்டும் பழுப்பாகவே இருக்கும். அதை வெள்ளையாக்க முயலாதீர்கள். உங்களுக்கு வேண்டியது அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது.

அடுத்து, குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்தும், தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் சைஃபன் குழாயும், வெப்பமானியும், அம்மோனியா, நைட்ரைட், பி.எச். (தண்ணீரின் அமில-காரத் தன்மை) ஆகியவற்றைக் காட்டும் சோதனைக் கிட்டும் வேண்டும். கடைத் தொகுப்பில் இந்த நான்கும் இல்லாமல் ஹீட்டர் இருப்பதுதான் வேடிக்கை. சென்னையில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டித் தண்ணீர் மார்கழியிலும் பெரும்பாலும் கப்பிக்கு ஏற்ற வெப்பத்திலேயே இருக்கும். இங்கே தொல்லை கோடையில்தான்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், 32 டிகிரியில் சுமார் 7.3 ஆகக் குறைந்துவிடும்.

கோல்டு ஃபிஷ்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவை பெரிதாக வளர்பவை, கழிவும் மிகுதி; இந்தத் தொட்டி அவற்றுக்குப் போதாது.

பதில் 2

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் ஹீட்டரை எல்லோருக்கும் வேண்டாதது என்று புதியவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் இருப்பது கோத்தகிரியில். இங்கே ஹீட்டர் இல்லாமல் கப்பி வளர்ப்பது கடினம். இன்னொன்று: ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்திருந்தால் குழாயின் நடுவில் ஒருவழி வால்வு கட்டாயம் வேண்டும். மின்சாரம் போனால் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்பையும், அதன் அருகிலுள்ள பிளக்கையும் நனைத்துவிடும்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கோல்டு ஃபிஷ்களைக் கடையிலேயே ஏற்றுக்கொண்டார்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வால்வும் பொருத்திவிட்டோம். சோதனையில் அம்மோனியா 1, நைட்ரைட் 0.5, பி.எச். 8 என்று காட்டுகிறது. எங்களுடையது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் கலந்தது. பி.எச். குறைக்கும் மருந்து விட வேண்டுமா? ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறலாமா?

பதில் 1

இரண்டும் வேண்டாம். கப்பிக்குக் கடினத் தண்ணீர் நன்றாகவே ஒத்துக்கொள்ளும், ஆர்.ஓ. தண்ணீரில் அதற்குத் தேவையான தாதுக்கள் இல்லை. ஆனால் பி.எச். 7 இலிருந்து 8 ஆகும்போது அம்மோனியாவில் நச்சுத்தன்மையுள்ள பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிறது. எனவே உங்கள் அளவு அபாயமானதே. ஆன்டி குளோரின் கலந்த தண்ணீரால் தினமும் கால் பங்கு மாற்றுங்கள். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். நைட்ரைட் இருப்பதால் லிட்டருக்கு 1 கிராம் வீதம் கல் உப்பைக் கரைத்து ஊற்றலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உடலுக்குள் போவதைக் குறைக்கும். பிறகு நீங்கள் மாற்றும் தண்ணீரின் அளவுக்கு மட்டுமே உப்பு சேர்க்க வேண்டும்.

பழைய பவர் ஃபில்டரை இப்போது கழற்றாதீர்கள். அதன் நீர் வெளிவரும் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் வேகம் தணியும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யத்தில் நின்ற பிறகு எடுத்துவிடலாம். புது மீன் வாங்குவதையும் அதற்குப் பிறகே வைத்துக்கொள்ளுங்கள்.