மொட்டை டெஸ்க்டாப் வருகிறது: பூலை ஒழிப்பதா, ஸ்டோரேஜைப் பார்ப்பதா?

சிப்காட்_அட்மின்:
ராணிப்பேட்டையில் ஒரு ஷூ அப்பர் கம்பெனி. சர்வரிலிருந்து டெஸ்க்டாப் கொடுக்கும் ஹொரைசனில் இன்ஸ்டன்ட் குளோன் (மாஸ்டர் இமேஜிலிருந்து நகலெடுத்து, லாக்ஆஃபில் அழிகிற மெஷின்), ஃப்ளோட்டிங் பூல் (யாருக்கும் நிரந்தரமாக ஒதுக்காத மெஷின் கூட்டம்) இரண்டு: ஒன்று பொது வேலைக்கு, இன்னொன்று கணக்கு எழுதும் டேலிக்கு. எல்லாருடைய புரொஃபைலும் (அவரவர் ஃபைல், செட்டிங்) எஃப்எஸ்லாஜிக்ஸில், அதாவது ஆளுக்கு ஒரு விஎச்டிஎக்ஸ் டிஸ்க் ஃபைலாக, நாஸில் (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) ஒரே ஷேரில் இருக்கிறது; லாகினில் அது மெஷினில் மாட்டப்படும். சிலருக்கு மட்டும், அதுவும் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், லாகின் ஒரு நிமிடம் சுற்றிவிட்டு மொட்டை டெஸ்க்டாப் (தன் ஃபைல், செட்டிங் எதுவும் இல்லாத வெற்று டெஸ்க்டாப்) வருகிறது. நேற்று ஷிப்பிங் டாக்குமென்ட் பார்க்கிற அக்கா அந்த மொட்டை டெஸ்க்டாப்பிலேயே பேக்கிங் லிஸ்ட் அடித்து சேவ் செய்து லாக்ஆஃப் கொடுத்துவிட்டார். மெஷின் அழிந்தது, ஃபைலும் போச்சு. வெளியே லாரி சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பத் தயாராக நிற்கிறது. முதலாளி "பூலும் வேண்டாம் கீலும் வேண்டாம், ஆளுக்கு ஒரு மெஷின் கொடு" என்கிறார். என்ன சொல்கிறீர்கள்?

காட்பாடி_ஜங்ஷன்:
முதலாளி சொல்வதுதான் சரி. டெடிகேட்டட் பூல் போட்டு ஆளுக்கு ஒன்று ஒதுக்கிவிடுங்கள். அவரவர் ஃபைல் அவரவர் சி டிரைவில் கிடக்கும், லாகினில் டிஸ்க் மாட்டுகிற வேலையே கிடையாது. சின்ன கம்பெனிக்கு எதற்கு இத்தனை அடுக்கு?

பாலாறு_மணல்:
ஜங்ஷன் அண்ணே, இன்ஸ்டன்ட் குளோனில் டெடிகேட்டட் என்றால் மெஷின் பெயர்தான் ஆளுக்கு ஒதுக்கப்படும். அடுத்த முறை மாஸ்டர் இமேஜை மாற்றிப் புஷ் செய்ததும் சி டிரைவ் புதிதாகப் பிறந்து வரும், அக்காவின் ஃபைல் அன்றைக்கும் போகும். நீங்கள் சொல்வது நடக்க வேண்டுமானால் ஃபுல் குளோன் (அழியாமல் நிற்கும் முழு மெஷின்) போட வேண்டும், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக பேட்ச், தனித்தனியாக பேக்கப். அதைச் செய்ய சிப்காட்காரரிடம் ஆள் இருக்கிறதா?

சிப்காட் சார், முதலில் லாகைப் பாருங்கள். மொட்டையாக வந்த மெஷினில், லாக்ஆஃப் ஆவதற்குள், புரோகிராம்டேட்டாவில் எஃப்எஸ்லாஜிக்ஸ், அதற்குள் லாக்ஸ், அதற்குள் புரொஃபைல். அன்றைய தேதி ஃபைலில் எரர் 00000020 இருந்தால் அது ஹெக்ஸ் எண், டெசிமலில் 32. அந்த விஎச்டிஎக்ஸை வேறு ஏதோ மெஷின் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். பூட்டிய டிஸ்கை 5 விநாடிக்கு ஒரு தடவை 12 தடவை தட்டிப் பார்ப்பது டீஃபால்ட். நீங்கள் சொன்ன ஒரு நிமிடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

காட்பாடி_ஜங்ஷன்:
ஒரே ஆள் எப்படி இரண்டு இடத்தில் திறப்பார்? ஃப்ளோட்டிங் பூலில் வேறு தின் கிளையன்டில் (டெஸ்க்டாப்பைக் காட்ட மட்டும் இருக்கும் சின்னப் பெட்டி) போய் உட்கார்ந்தாலும் பழைய செஷன்தானே திரும்ப வரும்.

பாலாறு_மணல்:
ஒரே பூலுக்குள் வரும். இங்கே இருப்பது இரண்டு பூல். காலையில் பொது பூலில் வேலை, சாப்பிடப் போகும்போது லாக்ஆஃப் இல்லை, ஜன்னலை மூடிவிட்டுப் போகிறார்கள். செஷன் டிஸ்கனெக்ட் ஆகி டிஸ்கைப் பிடித்துக்கொண்டே உயிரோடு இருக்கும். திரும்பி வந்து டேலி பூலைத் திறந்தால் அந்த மெஷினும் அதே டிஸ்கைக் கேட்கும்.

சிப்காட்_அட்மின்:
பார்த்தேன். 00000020 இருக்கிறது. ஹொரைசன் கன்சோலில் அக்காவின் பெயரைத் தேடினால் பொது பூலில் டிஸ்கனெக்டட் செஷன் ஒன்று, நாஸில் திறந்திருக்கும் ஃபைல் பட்டியலிலும் அவருடைய விஎச்டிஎக்ஸ் அந்த மெஷின் ஐபியில்தான் நிற்கிறது. டிஸ்கனெக்ட் ஆனால் லாக்ஆஃப் என்ற பூல் செட்டிங் இரண்டிலும் "நெவர்". நான் வேலைக்குச் சேருவதற்கு முன்னாலேயே யாரோ வைத்தது.

சத்துவாச்சாரி_சிஸ்:
குறுக்கே வருகிறேன். புரொஃபைல்டைப் 3 என்று ரெஜிஸ்ட்ரியில் போட்டால் போதும், முதல் செஷன் எழுதும், இரண்டாவது ரீட்ஒன்லியாகத் திறக்கும், யாருக்கும் மொட்டை வராது. ஒரு காலேஜ் லேபில் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

பாலாறு_மணல்:
மேடம், லேபில் பையன் பிராக்டிகல் முடித்துவிட்டுப் போய்விடுவான், போனால் போகட்டும். இங்கே இரண்டாவது செஷனில் டெஸ்க்டாப்பில் சேவ் செய்வது லாக்ஆஃபில் சத்தமில்லாமல் தூக்கி எறியப்படும். டெஸ்க்டாப் முழுசாகத் தெரிவதால் சந்தேகம்கூட வராது. மொட்டை டெஸ்க்டாப்பாவது பார்த்தவுடன் ஏதோ தப்பு என்று காட்டிக்கொடுக்கும்.

என்னைக் கேட்டால், டிஸ்கனெக்ட் ஆகி ஒரு மணி நேரத்தில் லாக்ஆஃப் என்று வையுங்கள். டேலி பூலுக்குத் தனி ஷேர் கொடுங்கள், அங்கே புக்மார்க்கும் அவுட்லுக்கும் யாருக்கும் தேவைப்படாது. முக்கியமாக பிரிவென்ட்லாகின்வித்ஃபெயிலியர், பிரிவென்ட்லாகின்வித்டெம்ப்புரொஃபைல், இரண்டையும் 1 ஆக்குங்கள். டிஸ்க் மாட்டவில்லையென்றால் உள்ளே விடவே கூடாது.

காட்பாடி_ஜங்ஷன்:
இது ஆபத்து. நாஸ் ஒரு நாள் படுத்தால் மொத்த ஆபீசும் வெளியே நிற்கும். மே மாதம் நம்ம ஊர் வெயிலில் சர்வர் ரூம் ஏசி நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். உள்ளேயாவது விட்டால் மெயிலாவது பார்ப்பார்கள்.

பாலாறு_மணல்:
உள்ளே விட்டதால்தான் நேற்று பேக்கிங் லிஸ்ட் போனது. வெளியே நின்றால் போன் அடிப்பார்கள், உங்களுக்கும் உடனே தெரியும். உள்ளே விட்டால் மாலை வரை வேலை செய்து மாலையில் அழுவார்கள். நாஸ் படுப்பது தனிப் பிரச்சினை அண்ணே, அதற்கு இரண்டாவது ஸ்டோரேஜும், புரொஃபைலை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் எழுதி வைக்கும் கிளவுட் கேஷும் இருக்கின்றன. புரொஃபைலைக் காலி காட்டி அதைச் சமாளிக்க முடியாது.

சத்துவாச்சாரி_சிஸ்:
லாகின் தடுப்பது எனக்கும் சரியாகத்தான் படுகிறது. ஒரு மணி நேரத்தில் லாக்ஆஃப் என்பதுதான் இடிக்கிறது. சேவ் செய்யாத எக்செல் திறந்திருந்தால்?

சிப்காட்_அட்மின்:
இங்கே மீட்டிங் என்று போனால் ஒரு மணி நேரத்தில் யாரும் திரும்புவதில்லை, அதனால் பொது பூலுக்கு 4 மணி நேரம், டேலிக்கு 30 நிமிடம். டேலிக்குத் தனி ஷேர் போட்டுவிட்டதால் பூட்டுச் சண்டை எப்படியும் வராது. லாகின் தடுப்பு இன்று இரவு மாஸ்டர் இமேஜில் போகிறது. இன்னொன்று, நாஸில் பார்த்தபோது சிலருடைய டிஸ்க் 30 ஜிபியை நெருங்கிவிட்டது.

பாலாறு_மணல்:
30000 எம்பிதான் டீஃபால்ட் அளவு, அதை முட்டினால் அடுத்த ரகளை ஆரம்பம். உள்ளே அழித்தாலும் பழைய எஃப்எஸ்லாஜிக்ஸ் வெர்ஷனில் விஎச்டிஎக்ஸ் தானாகச் சுருங்காது, 2210லிருந்துதான் லாக்ஆஃபில் சுருக்குகிறது. என்ன வெர்ஷன் ஓடுகிறது?

சிப்காட்_அட்மின்:
2201.

காட்பாடி_ஜங்ஷன்:
அப்போது இன்று இரவு புது வெர்ஷனையும் சேர்த்து ஏற்றுங்கள். நாளைக் காலை வெளியே நிற்கிறவர்கள் பாலாற்றுக்கே போன் அடிக்கட்டும்.