புதுப்பிப்பு: தண்ணீர் குடிக்காத பச்சோந்தி, பலன் தந்தது சேலைன் வயர்

கிண்ணத்துத் தண்ணீரை என் யேமன் பச்சோந்தி திரும்பியும் பார்ப்பதில்லை, கண்கள் குழிந்துவிட்டன, எச்சத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகிறது என்று பங்குனி வெயிலில் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது சேலைன் வயர் (ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றும் மெல்லிய குழாய்) யோசனை. சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி. பாமசியில் புது வயர் வாங்கி, போத்தலைக் கூட்டின் மேல் தொங்கவிட்டு, உள்ளே வைத்த செவ்வரத்தை இலைகளில் சொட்டுச் சொட்டாக விழவிட்டேன். கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தது. அப்புறம் இலையில் வழிந்த துளியை நக்கத் தொடங்கியது, பார்க்கவே நிம்மதி! பச்சோந்தியைக் கவர்வது அசைந்து மினுங்கும் துளிதான். தேங்கிய நீரைப் பெரும்பாலும் கவனிக்காது. விடியவும் இரவிலும் ஸ்ப்ரே அடிக்கிறேன். பகலில் கூடு காயத்தான் வேண்டும், எந்நேரமும் ஈரமென்றால் சுவாச நோய் வரும். இப்போது எச்சம் வெள்ளை, கண்களும் நிறைந்துவிட்டன.

எதிர்பாராதது ஒன்று: ஸ்ப்ரே முனை அடைத்துக்கொண்டது. எங்கள் யாழ்ப்பாணக் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. இலைகளிலும் வெள்ளைப் படிவு. முனையை வினாகிரியில் ஊறவைத்து நன்றாகக் கழுவினேன், சரியாகிவிட்டது. ஸ்ப்ரேக்கு இப்போது ஆர்ஓ தண்ணீர்தான் (சுண்ணாம்பு போக வடிகட்டியது).