ஹெச்ஐவியோடு வாழும் பெண்களின் சங்கத்தைப் பதிவு செய்ய வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாமக்கல் மாவட்டத்தில் ஹெச்ஐவியோடு வாழும் பெண்கள் சிலர் குழுவாக இயங்குகிறோம். ஏஆர்டி மையத்தில் (ஹெச்ஐவிக்கான கூட்டு மருந்து தரும் இடம்) மாத்திரை வாங்கும் நாளில் பழகியவர்கள். தொற்று இருப்பது புதிதாகத் தெரியவந்த பெண்ணுக்குத் துணையாகப் போவது, உதவித்தொகைக்கு மனு எழுதித் தருவது, மாத்திரையை நிறுத்தியவர்களைப் பேசித் திரும்ப அழைத்து வருவது எல்லாம் நாங்களேதான். இப்போது குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். அதற்குச் சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும். தை மாதத்திலிருந்து இழுத்துக்கொண்டே போகிறது.

1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். பெயர், முகவரியோடு கையெழுத்துப் போட முன்வருவது மூன்று பேர்தான். ஊரில், பிள்ளைகளின் பள்ளியில் தெரிந்துவிடுமோ என்று மற்றவர்களுக்குப் பயம். நியாயமான பயம். சம்மதமில்லாமல் நம் விவரத்தை வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு ஹெச்ஐவி சட்டம் சொல்கிறது. ஆனால் நாமே கொடுக்கும் பதிவு ஆவணத்துக்கு அது பொருந்துமா என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

ஆடிட்டரிடம் கேட்டோம். கணவர், அண்ணன் தம்பிகளைப் பொறுப்பாளர்களாகப் போடச் சொன்னார். அதில் எங்களுக்குச் சம்மதமே இல்லை. 1998-ல் சென்னையில், ஹெச்ஐவி தொற்றுள்ள கௌசல்யா போன்றவர்கள் பெண்களுக்கென்றே தனி அமைப்பு தொடங்கியது இதற்காகத்தானே? அப்புறம் மகளிர் சுய உதவிக் குழுவாகவும் முயன்றோம். ஒரே பகுதியில் வசிக்க வேண்டும் என்றார்கள். நாங்கள் பல ஊர்க்காரர்கள்.

ஹெச்ஐவி என்று எங்கும் எழுதாமல், பொதுவான பெண்கள் நலச் சங்கமாகப் பதிந்து இதே வேலையைச் செய்பவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: துணை விதிகளில் சங்கத்தின் நோக்கத்தை எப்படி எழுதினீர்கள்?