டிஎம் வேலை அலுத்துவிட்டது, ஏஐயிடம் எதைத் தள்ளலாம்?

கரும்புக்காட்டு டிஎம் (டர்பன்):
ஒன்றரை வருடமாக ஞாயிறுதோறும் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேசை விளையாட்டு) நடத்துகிறேன், ஐந்து பேர். கதை சொல்லி ஆட்டத்தை நடத்தும் டிஎம் நான்தான். 1860-இல் ஒப்பந்தத்தில் நேட்டாலுக்குக் கரும்பு வெட்ட வந்தவர்கள் கதை, கொஞ்சம் பேய், கொஞ்சம் முனீஸ்வரன். ஆரம்பத்தில் ஆசையாக இருந்தது. இப்போது சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு வரைபடத்தோடு உட்கார்ந்தால் கண் எரிகிறது, யாராவது "இந்த வாரம் வரமுடியாது" என்று வாட்ஸ்அப் அனுப்பினால் உள்ளுக்குள் சந்தோஷம் வருகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. ஏஐ வைத்து யாராவது சமாளித்தீர்களா?

டி20_தம்பி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
நான் செய்கிறேன் அண்ணா. கதை எழுதச் சொல்லாதீர்கள், எடுபிடி வேலைக்கு வையுங்கள். எல்லாரும் கிளம்பியதும் போனில் ஐந்து நிமிடம் வாயாலேயே சொல்லிவிடுவேன்: யார் செத்தான், யாருக்குக் கடன், சர்தார் (தோட்டத்து மேஸ்திரி) எதை எந்தப் பெட்டியில் ஒளித்தான். அதை அரைப் பக்கமாகச் சுருக்கித் தரும், அடுத்த வாரம் அதைப் படித்துவிட்டு ஆரம்பிக்கலாம். பெயர் கேட்டால் மட்டும் உஷார். 1860 கப்பலில் வந்தவர்களுக்கு ராகுல், பிரியா என்று வைத்தது! முனுசாமி, சின்னம்மா என்று நாலு பெயர் நானே கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தது.

பழைய பகடை:
எண்களையும் நம்பாதீர்கள். கோப்லின் என்ற குட்டிப் பூதத்துக்கு ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 12 என்றது, எஸ்ஆர்டி 5.1 என்ற அதிகாரபூர்வ விதித் தொகுப்பில் 7தான். அந்த எஸ்ஆர்டி 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, வேண்டிய பக்கத்தை ஒட்டிவிட்டுக் கேட்டால் உளறல் குறையும். அப்புறம் 1860-இல் ஒப்பந்தக்காரர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் கல்கத்தாவிலிருந்து வந்தது என்று அடித்துச் சொன்னது. அது மெட்ராஸ் கப்பல், நவம்பர் 16-இல் வந்து சேர்ந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த பெல்விடியர் பத்து நாள் பிந்தி. எங்கள் மேசையில் ஒரு பையன் ஆட்டத்தின் நடுவில் பிடித்துவிட்டான், மானம் போச்சு.

சர்தாரிணி:
வரைபடத்தாலா கண் எரிகிறது? தேதி பேசுவது, விதி பார்ப்பது, தீனி, கதை, எல்லாம் உங்கள் ஒருவர் தலையில். ஏஐ வந்து பன்னி சௌ (ரொட்டிக்குள் ஊற்றிய கறிக்குழம்பு) வாங்கிவராது. தேதியை ஒருவரிடம் தள்ளுங்கள், சாப்பாட்டை இன்னொருவரிடம், ஆட்டத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்குங்கள். நான் வரைபடத்தில் மூன்று அறை வரைந்து வைத்த ஞாயிறு, என் ஆட்கள் மூன்று மணி நேரமும் கதையில் வந்த ஆட்டுக்காரனிடம் பேரம் பேசினார்கள். அன்றோடு வரைவதை விட்டேன்.

கரும்புக்காட்டு டிஎம்:
சரி. போனில் சொல்லிச் சுருக்குவதை முயன்று பார்க்கிறேன். இந்த ஞாயிறு லீவு என்று இப்போதுதான் குரூப்பில் போட்டேன். மூன்று பேர் உடனே கட்டைவிரல் காட்டினார்கள், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கோபம் வந்தது.