புதுப்பிப்பு: ஸ்டர்ஜன் பிடிக்க ரெய்னி ஆற்றுக்கே போகிறோம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் முதல்முறையாக ஏரி ஸ்டர்ஜன் (நன்னீரில் வாழும் பெரிய மீன்) பிடிக்க எங்கே, எப்போது போகலாம் என்று கேட்டிருந்தேன் அல்லவா, ஒருவழியாக முடிவாகிவிட்டது. கனடா எல்லையில் ஓடும் ரெய்னி ஆறு, அதன் கரையிலுள்ள பவுடெட் ஊரில் தங்கல், ஏப்ரல் கடைசி. மே 16 முதல் ஜூன் 30 வரை அங்கே ஸ்டர்ஜன் பிடிக்கத் தடை, அதற்குள் போய்வந்துவிட வேண்டும்.

மீனை வீட்டுக்குக் கொண்டுவருவீர்களா என்று சிலர் கேட்டீர்கள். இல்லை. பெண் மீன் முதல்முறை முட்டையிடவே 20 வயதுக்கு மேல் ஆகிவிடும், அப்புறமும் ஆண்டுதோறும் இடாது. பிடித்து, படம் எடுத்து, விட்டுவிடுவோம்.

தூண்டில் விஷயத்தில் உங்கள் யோசனைதான். இந்த மீன் நாலு மீசையால் ஆற்றடியைத் தடவிக்கொண்டே வந்து, வாயைக் குழாய் மாதிரி கீழே நீட்டி இரையை உறிஞ்சும். ஆகவே இரை தரையோடு கிடக்க வேண்டும்: நீரோட்டத்தில் உருளாத தட்டை ஈய எடை, அதையொட்டிக் குட்டையான தூண்டில் நரம்பு, சர்க்கிள் ஹூக் (நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்), அது மறையுமளவு கொத்தாக மண்புழு. கடித்ததும் வெடுக்கென இழுக்கக் கூடாது. நிதானமாகச் சுற்றினால் முள் தானே வாயோரம் மாட்டிக்கொள்ளும். என் கைக்கு இது வருமா, பார்ப்போம்!

படகு மட்டும் இன்னும் பேசவில்லை. நங்கூரம் நல்ல கனமாக இருக்கிறதா என்று முதலில் கேட்கப்போகிறேன். வசந்தகால வெள்ளத்தில் படகு இடம் நகராமல் நிற்க வேண்டுமே; மரக்கட்டைகள் வேறு மிதந்து வருமாம்.