இடைக்கால ஜீவனாம்ச உத்தரவு: மேல்முறையீட்டுக் கட்டு திரும்பிவிட்டது, அடுத்து என்ன?

கேட்டவர்:
விவாகரத்து மனு நான் போட்டது. அதில் மனைவி இந்து திருமணச் சட்டம் பிரிவு 24-இன் கீழ் இடைமனு போட, வழக்கு முடியும்வரை ஜீவனாம்சமாக மாதம் 18,000 ரூபாய் கொடுக்கும்படி உத்தரவாகிவிட்டது. கைக்கு வரும் சம்பளமே 41,000. மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு என்று படித்து, 27-ஆம் நாள் அடித்துப்பிடித்துத் தாக்கல் செய்தோம். ‘இந்த மேல்முறையீடு எவ்வாறு ஏற்கத்தக்கது?’ என்று ஒரே ஒரு வரி எழுதி, மனுவும் ஆவணங்களும் சேர்ந்த கட்டை நீதிமன்ற அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். கெடுவும் போய்விட்டது. இனி வழி இல்லையா?

வழக்கறிஞர் ஒருவர்:
பதறாதீர்கள். நீங்கள் படித்தது குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984, பிரிவு 19. அந்த 30 நாள் இடைக்கால உத்தரவுக்கு இல்லை. இடைக்கால உத்தரவுகளை விலக்கிவிட்டுத்தான் அந்தப் பிரிவு மேல்முறையீட்டு உரிமையே தருகிறது. தமிழ்நாட்டில் இதற்கு வழி, அரசமைப்புச் சட்டத்தின் 227-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் சிவில் சீராய்வு மனு, அதாவது கீழ் நீதிமன்ற உத்தரவில் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் மனு. தென் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. இதற்குச் சட்டத்தில் நாள் கெடு கிடையாது. அதற்காக ஆறு மாதம் உட்கார்ந்திருந்தால் நீதிபதி காரணம் கேட்பார்.

இன்னொருவர்:
நான் ஜீவனாம்சம் வாங்கும் பக்கத்தில் நின்றவள். சீராய்வு போட்டதுமே என் கணவர் பணத்தை நிறுத்திவிட்டார். தடையாணை கேட்டபோது, பாக்கியில் பாதியைக் கட்டிவிட்டு வா என்றது நீதிமன்றம். மனு போட்டாலே தடை ஆகிவிடாது, அண்ணா. குடும்ப வன்முறைச் சட்ட உத்தரவு என்றால் கதை வேறு: பிரிவு 29-இன்படி 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு.

வழக்கறிஞர்:
சரியாகச் சொன்னீர்கள், அம்மா. கேட்டவரே, உங்கள் சம்பளச் சீட்டு உத்தரவில் எந்தச் சான்றாவண எண்ணில் குறிக்கப்பட்டிருக்கிறது?

கேட்டவர்:
இப்போதுதான் நான்காம் பக்கம் பார்த்தேன். ‘எதிர்மனுதாரர் வருமானச் சான்று எதையும் தாக்கல் செய்யவில்லை.’ அந்த இடைமனுவில் எதிர்மனுதாரர் நான்தான். நான் கையெழுத்திட்ட வருமான விவரப் பிரமாணப் பத்திரம் என் வக்கீல் குமாஸ்தாவின் பீரோவிலேயே கிடக்கிறதாம்!

வழக்கறிஞர்:
வினை அங்கேதான். இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 227-இல் உயர் நீதிமன்றம் கணக்கை மறுபடி கூட்டிக் கழிக்காது. ‘தொகை அதிகம்’ என்று மட்டும் எழுதினால் எடுபடாது. வருமான விவரமே பார்க்கப்படாமல் தொகை முடிவானது, மறுவிசாரணைக்கு அனுப்புங்கள் என்று கேளுங்கள். தாக்கல் செய்யாத குறை உங்கள் பக்கம் என்பதால் வெறுங்கையோடு போகாதீர்கள். முதலில் ஓரளவு கட்டுங்கள்.

கேட்டவர்:
இரண்டு மாதத் தொகையை நாளை கட்டுகிறேன். போகிற வழியில் அந்த பீரோவையும் திறக்கச் சொல்கிறேன்.